இல்லத்தில் கற்ற வானொலிக் கலை

மின்சாரம் இல்லை, கடையில் வாங்குவதற்குப் பற்றரியும் இல்லை. இத்தகைய ஊரில் வானொலி ஒலிக்குமா? 1990ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் வரையில் யாழ்ப்பாணக் குடாநாடெங்கும் எழுந்து நின்ற வினா இது. பருத்தித்துறையிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் வாழ்ந்த மக்கள், சைக்கிளொன்றைத் தலைகீழாக நிறுத்தி அவ்வினாவுக்கு விடை கண்டனர். அவ்விடை ஒரு நாளிற் பிறந்ததன்று. வீட்டு விறாந்தையிலும் கொட்டிலிலும் ஓய்வுநேரத்தில் வானொலிப் பெட்டிகளைக் கழற்றியும் பூட்டியும் கற்றுக்கொண்ட இரண்டு மூன்று தலைமுறையினரின் கைப்பழக்கம் அதற்குப் பின்னே நின்றது. அப்பழக்கத்தின் வரலாற்றை ஒருவாறு எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

வானொலி என்பது பெரிய நிறுவனங்கள் தோற்றுவித்து மக்களுக்கு வழங்கிய பொருள் என்றே பலரும் எண்ணுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அது தொடக்கத்தில் ஆர்வலரின் கலையாகவே இருந்தது. வங்கத்து விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகம் மின்னலைகளைக் கண்டுணரவல்லது என்பதை நிறுவி, அக்கருவிக்கு 1904ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் உலகெங்கும் சிறுவரும் பெரியோரும் தம் வீடுகளில் அமைத்த படிக வானொலிகள் அதே தாதுவைக் கொண்டே இயங்கின. அட்டைக் குழாயொன்றிற் சுற்றிய செப்புக் கம்பிச்சுருள், அலைகளைத் தெரிவுசெய்யும் ஒரு கொள்ளளவி, ஒரு சிறு படிகம், அதனை மெல்லத் தொடும் ஊசிக்கம்பி, காதிற் பொருத்தும் கேள்கருவி ஆகிய இவ்வளவே அதன் உறுப்புகள். அதற்குப் பற்றரி வேண்டுவதில்லை. வானிலிருந்து ஏரியற் கம்பி பற்றிக்கொள்ளும் அலையின் வலுவே அதன் ஒலிக்கும் வலு. வானொலியின் தத்துவம் முழுவதையும் ஒரு பிள்ளை தன் கைகளாலேயே தொட்டறியக்கூடிய பாடநூல் அதுவாகும்.

இலங்கையில் ஒலிபரப்பு பிறந்த விதமும் இதனோடு ஒத்ததே. 1921ஆம் ஆண்டில் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இந்நாட்டுக்கு வந்த எட்வேட் ஹாப்பர் என்பார், 1923ஆம் ஆண்டில் கொழும்பிலே முதற் பரிசோதனை ஒலிபரப்பை நடாத்தினார். முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கம்பியில்லாத் தந்திக் கருவியினது உறுப்புகளைக் கொண்டே அன்றைய ஒலிபரப்பி உருவாக்கப்பட்டது. மத்திய தந்திக் கந்தோரின் சிற்றறையொன்றிலிருந்து இசைத்தட்டு இசை வானில் ஏறிற்று. ஆர்வலர்களை ஒன்றுசேர்த்து இலங்கைக் கம்பியில்லாத் தந்திக் கழகத்தை நிறுவியவரும் அவரே. 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப் பெற்றது. ஒரு போர்க்கருவியின் சிதைந்த பாகங்கள் ஒரு தேசத்தின் குரலாயின என்பது நினைவில் வைக்கத் தக்கது.

கடலுக்கு அப்பாலும் இவ்வாறே நிகழ்ந்தது. சென்னையிலே சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலிய ஆர்வலர் 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, அவ்வாண்டு யூலை மாதத்தில் ஒலிபரப்பையும் தொடங்கினர். அவர்களுடைய முதற் கருவியின் வலு 40 வாற்று மாத்திரமே. முன்னாளில் வீட்டில் எரிந்த ஒரு சிறு இழை மின்குமிழின் வலு அது. பணமுட்டினால் 1927ஆம் ஆண்டில் அக்கழகத்தின் ஒலிபரப்பு நின்றது. கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டு, 1930ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி முதல் மாநகராட்சியின் ஒலிபரப்பாக மறுபிறவி எடுத்தது. ஆகவே, தமிழகத்தில் வானொலிக்கு வித்திட்டது அரசாங்கமன்று; ஓய்வுநேர ஆர்வமே என்பது தெளிவு.

இனிப் பருத்தித்துறைக்கு வருவோம். இலங்கைத் தீவின் வடமுனையில், கடலைப் பார்த்து நிற்கும் துறைமுகப் பட்டினம் அது. அங்கிருந்து வேதாரணியத்தை அடுத்த கோடிக்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். கொழும்போ அதனினும் நான்கு மடங்குக்கு மேற்பட்ட தொலைவு. இப்புவியியல் வானொலி கேட்பதற்கு வாய்ப்பாய் அமைந்தது. மத்திய அலைவரிசை ஒலி வரண்ட நிலத்தின்மேற் செல்லும்போது விரைவில் நலிவடையும்; உப்புநீர்ப் பரப்பின்மேலோ வெகுதூரம் குன்றாமற் செல்லும். 1939ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியபோது, அதன் இசைக் கச்சேரிகளும் பேச்சுகளும் பாக்குநீரிணையைக் கடந்து வடகரை வீடுகளுக்குத் தெளிவாக வந்து சேர்ந்தன. 1941ஆம் ஆண்டில் இலண்டன் பீ.பீ.சி. தன் தமிழ்ச் சேவையைத் தொடங்கிற்று. 1949ஆம் ஆண்டில் கொழும்பில் இயங்கிய போர்க்கால வானொலி நிலையத்தின் கருவிகளைப் பெற்று ரேடியோ சிலோன் மலர்ந்தது. கொழும்பு, திருச்சி, இலண்டன் என்னும் மூன்று திசைக் குரல்களையும் ஒரே பெட்டியிற் கேட்கும் பேறு வடமராட்சியார்க்குக் கிட்டியது.

பேறு கிட்டினும் பெட்டியை இயக்குவது எளிதன்று. அந்நாளைய வால்வு வானொலிக்கு மிகுந்த மின்வலு வேண்டும். மின்சாரம் எட்டாத கிராமங்களில் ஈயமும் அமிலமும் கொண்ட கனத்த பற்றரியே அதற்கு உணவு. அது வற்றும்போதெல்லாம் பட்டினத்துக்குச் சுமந்து சென்று மின்னேற்றிக் கொண்டுவர வேண்டும். அன்றியும், வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் கட்டணஞ் செலுத்தி அனுமதிப் பத்திரம் பெறுதலும் வேண்டும். எனவே, பெட்டி பழுதுற்றால் அதனை எறிந்துவிட எவருக்கும் மனம் வராது. திருத்துவோரை நாடுவர், திருத்துவோரின் அருகில் நின்று சிறுவர் பார்த்திருப்பர். எந்த வால்வு சிவந்து எரிகின்றது, எது குளிர்ந்து கிடக்கின்றது, எந்த இடத்தில் ஈயப்பற்று விட்டுப்போயிற்று என்பவற்றைக் கண்ணாற் காண்பதே அவர்களுடைய முதற் பாடம்.

1947ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிற்றர் இக்கலையை முற்றாக மாற்றியது. 1954ஆம் ஆண்டின் இறுதியில் முதலாவது திரான்சிற்றர் வானொலி விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது கீழைத்தேயமெங்கும் பரவிற்று. வால்வுக்கு நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட ஆபத்தான அழுத்தம் வேண்டும்; திரான்சிற்றருக்கோ நான்கு சிறு பற்றரிகளின் 6 வோல்ற்றே போதும். தொட்டால் அதிர்ச்சி தராத கருவியைப் பிள்ளைகளின் கையிற் கொடுக்கப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே இலத்திரனியல் கற்கும் காலம் இவ்வாறு விரிந்தது.

பாடசாலையும் இதற்கு ஒரு துணை. பருத்தித்துறையில் 1838ஆம் ஆண்டில் மெதடிஸ்த மிசனரிமாரால் தொடங்கப்பெற்ற பாடசாலையே பின்னர் ஹாட்லிக் கல்லூரியாய் வளர்ந்து, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பெயர் பெற்றது. கேம்பிரிட்ஜிற் பேரறிஞர் டிராக்கிடம் பயின்று கணிதப் பேராசிரியராய் விளங்கிய சி. ஜே. எலியேசர் அக்கல்லூரியின் பழைய மாணவரே. விஞ்ஞான பாடங்கள் தாய்மொழியிற் போதிக்கப்பட்ட காலத்தில், தடை, கொள்ளளவி, இருவாயி, சீராக்கி என்னும் சொற்கள் வகுப்பறையில் ஒலித்தன. கடையிலோ அவையே றெசிஸ்ரர், கொண்டென்சர், டயோட் எனப்பட்டன. வீட்டிற் பழகிய பிள்ளைக்கு இரண்டு மொழியும் வேண்டியிருந்தன. ஒன்று கரும்பலகைக்கு, மற்றையது கடைக்காரருக்கு.

ஆயினும், பாடசாலைக் கல்வியும் வீட்டுக் கைவேலையும் எப்போதும் நட்பாயிருந்தன என்று சொல்வதற்கில்லை. குடாநாட்டிற் கல்வி என்பது பரீட்சையை நோக்கியது. வைத்தியராகவோ பொறியியலாளராகவோ அரசாங்க உத்தியோகத்தராகவோ ஆவதே அதன் குறி. வானொலிப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் அமர்ந்திருக்கும் பிள்ளை படிப்பைக் கெடுத்துக்கொள்கிறான் என்றே பெரும்பாலான வீடுகளில் எண்ணினர். மின்சுற்றின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதியவனுக்குப் புள்ளி உண்டு. ஒலியாத பெட்டியை ஒலிக்கச் செய்தவனுக்குப் புள்ளி இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு பின்னொரு காலத்தில் எவ்வாறு தலைகீழாயிற்று என்பதை மேலே காண்போம்.

1970 முதல் 1977 வரையில் இலங்கை அரசாங்கம் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு விதித்திருந்தது. புதிய பொருள் அருகிய அவ்வாண்டுகள் பழையதைத் திருத்தும் கலைக்கு உரமாயின. பழுதுற்ற ஒரு பெட்டியிலிருந்து நல்ல உறுப்பைக் கழற்றி இன்னொரு பெட்டிக்கு உயிர் கொடுப்பது வழக்கமாயிற்று. 1977இன் பின் வாயில் திறந்தது, தொலைக்காட்சியும் வந்தது. இந்தியத் தூரதர்சனின் படங்களைப் பிடிப்பதற்காக 1980களில் குடாநாட்டு வீட்டுக் கூரைகளின் மேல் உயர்ந்த கம்பங்களில் ஏரியல்கள் எழுந்தன. அலுமினியக் குழாய்களை எந்த நீளத்துக்கு வெட்டுவது என்பது விஞ்ஞானக் கேள்வி. 200 மெகாஹேட்ஸ் அதிர்வெண்ணுள்ள அலையின் நீளம் ஒன்றரை மீற்றர். அதனைப் பற்றும் குழாய் அதிற் பாதியளவினதாய் இருத்தல் வேண்டும். இக்கணக்கைப் புத்தகத்திற் படித்தோரும் உளர். வெட்டியும் ஒட்டியும் படத்தைப் பார்த்தே அறிந்தோரும் உளர்.

அதன்பின் வந்தது போரின் காலம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பராயின. 1984ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹாட்லிக் கல்லூரியின் நூலகமும் ஆய்வுகூடங்களும் தீக்கிரையாயின. 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் வடமராட்சியே போர்க்களமாயிற்று. நூலும் ஆய்வுகூடமும் அழிந்த ஊரில் எஞ்சியது எது? மனிதரின் கையிலும் நினைவிலும் இருந்த அறிவே எஞ்சியது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் அறுந்தது. எரிபொருள், சீமெந்து, உரம் முதலியவற்றோடு உலர் பற்றரியும் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடுக்கப்பட்ட பொருளாயிற்று. அக்காலத்தில் மக்களின் கைத்திறன் பல துறைகளில் வெளிப்பட்டது. ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் சிக்கன விளக்கின் ஒளியிற் பிள்ளைகள் படித்தனர். சில துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளை ஓட்டினர். அச்சுத்தாள் கிடையாமையால் ‘உதயன்’ பத்திரிகை கோடிட்ட கொப்பித்தாளில் வெளிவந்தது. இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத் தக்கது சைக்கிள் டைனமோ வானொலி.

அதன் அமைப்பை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. சைக்கிள் விளக்குக்கெனச் செய்யப்பட்ட டைனமோ, சக்கரத்தில் உராய்ந்து சுழலும்போது, அதனுள்ளே ஒரு காந்தம் கம்பிச்சுருளின் நடுவிற் சுழல்கிறது. அதனால் 6 வோல்ற்று அழுத்தத்தில் ஏறத்தாழ அரை அம்பியர் மின்னோட்டம் பிறக்கும். அஃதாவது 3 வாற்று வலு. சிறு வானொலிக்கும் 6 வோல்ற்றே தேவை. அதிலும் மெல்லிய ஒலியிற் கேட்பதாயின் டைனமோவின் வலுவில் ஒரு சிறு பங்கே போதும். எனினும் இரண்டையும் நேரே தொடுத்துவிட இயலாது. டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். எனவே, நான்கு இருவாயிகளைப் பாலம்போற் பிணைத்து ஓட்டத்தை ஒருமுகப்படுத்தினர். பின்னர், ஒரு கொள்ளளவியை இணைத்து ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்தனர். இல்லாவிடின் குரலோடு கூட இரைச்சலும் எழும். இவ்வுறுப்புகளுக்கு எங்கே போவது? பழுதடைந்து மூலையிற் கிடந்த வானொலிகளிலும் ஒலிப்பதிவுப் பெட்டிகளிலும் அவை இருந்தன. எதனைக் கழற்றுவது, எந்த முனையை எங்கே பொருத்துவது என்பது முன்பு ‘படிப்பைக் கெடுத்த’ பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, மற்றையோர் வானொலியைச் சூழ்ந்திருப்பர். சுழற்சி விரைந்தால் அழுத்தம் அளவு கடந்து ஏறும்; அது திரான்சிற்றருக்குக் கேடு. சுழற்சி தளர்ந்தால் குரல் தேயும். ஆகவே, சுழற்றுவோர் கைக்கு ஓர் அளவு பழக வேண்டியிருந்தது. செய்தி வாசிப்பவரின் குரல் நடுவில் மெலிந்தால், அலைவரிசையிற் குற்றமில்லை, கை சோர்ந்துவிட்டது என்பது பொருள். உடனே வேறொருவர் இடம் மாறுவார். பெண்களும் முதியோரும் பாடசாலைப் பிள்ளைகளும் இவ்வாறு முறைவைத்துச் சுழற்றிக் கேட்டனர். பீ.பீ.சி. தமிழோசையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியும் அவ்வீடுகளிற் பெரிதும் கேட்கப்பட்டன.

பற்றரியைக் காப்பதற்கும் வழி தேடினர். வற்றிய பற்றரியை வெயிலிற் காயவைத்தனர். துளையிட்டு உப்புநீர் ஊற்றினர். இது வெறும் நம்பிக்கையன்று. உலர் பற்றரியினுள்ளே ஈரமான இரசாயனப் பசை உண்டு. அப்பசை முற்றாக உலர்ந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். உப்புநீர் அதனை மீண்டும் நனைக்கும். இளஞ்சூடு உள்ளிருக்கும் இரசாயன மாற்றத்தைச் சிறிது ஊக்கும். இறந்த பற்றரி மீண்டு எழுவதில்லை. ஆயினும் ஒரு செய்தியறிக்கையைக் கேட்கும் அளவுக்கு மூச்சுவிடும். ஒரு செய்தியறிக்கை அந்நாளிற் சிறிய பொருளன்று. எந்த வழி திறந்திருக்கிறது, எந்தக் கப்பல் வருகின்றது, எவ்விடத்திற் குண்டு வீழ்ந்தது, பேச்சுவார்த்தை நடைபெறுமா என்பவற்றை அறிந்தே ஒரு குடும்பம் ஊரில் இருப்பதா, புறப்படுவதா என்று தீர்மானிக்கும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்து சேர்ந்தபோது, விட்டுவந்த ஊரைப் பற்றி அறிய அவர்களுக்கிருந்த வழிகளுள் இவ்வானொலியும் ஒன்று.

வரலாறு கூறுவோர் ஒருபக்கத்தை மாத்திரம் கூறுதல் நேர்மையன்று. ஈயப்பற்று வைக்கவும் மின்சுற்று இணைக்கவும் அறிந்த கைகள் போருக்கும் பயன்பட்டன. கம்பியில்லாத் தொடர்புக் கருவிகளும் தொலைவிலிருந்து வெடிக்கச் செய்யும் பொறிகளும் அதே அறிவின் மறுபக்கம். அதன் விளைவாக, இலத்திரனியல் உறுப்புகளை வைத்திருப்பதே ஐயத்துக்கு இடமாயிற்று. அறிவு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதனைக் கொண்டோர் எதிர்நோக்கிய காலம் அதன் பயனைத் தீர்மானித்தது.

1996ஆம் ஆண்டு மே மாதத்தில் வடமராட்சி அரசாங்கப் படைகளின் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்றது. பற்றரி மீண்டும் கடைக்கு வந்தது. மின்கம்பிகள் தெருக்களுக்கு வந்தன. பீ.பீ.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பே 2017ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. டைனமோ வானொலிக்கு இனி வேலையில்லை. பெரும்பாலானவை பழைய இரும்போடு இரும்பாய்ப் போயின. அவற்றைச் செய்தோரிற் பலர் நாடு கடந்தனர், பலர் மாண்டனர். அவர்களுக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. அவர்கள் வரைந்த மின்சுற்றுப் படங்கள் பெரும்பாலும் கொப்பிகளின் கடைசிப் பக்கங்களோடு அழிந்தன.

போர்களின் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். போரினூடே ஒரு சமூகம் தன் செவியை எவ்வாறு காத்துக்கொண்டது என்பதை எழுதினோர் சிலரே. ஒரு டைனமோவையும் நான்கு இருவாயிகளையும் பலகையொன்றிற் பொருத்தி ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்தில் வைத்தால், மாணவர்க்கு ஆடலோட்டமும் நேரோட்டமும் சீராக்கமும் ஒருங்கே விளங்கும். தம் ஊரின் வரலாறும் விளங்கும். அத்தகைய கருவியைச் செய்தோர் இன்னும் சிலர் முதுமையோடு ஊரிலும் பிற நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் காலம் நீண்டதன்று.

இன்று பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசி, அந்நாளைய வானொலி நிலையம் ஒன்றினும் வலியது. ஆயின், அதன் மூடியைத் திறக்க எவரும் விடுவதில்லை. பசையால் ஒட்டி மூடப்பட்ட பொருள் அது. அதனாற் பயன் கொள்ளலாம். அதனிடமிருந்து கற்பது அரிது. பழுதுற்ற ஒரு சிறு வானொலியையும் ஒரு திருப்புளியையும் பிள்ளையின் கையிற் கொடுத்து, கெட்டுப்போனாலும் குற்றமில்லை என்று சொல்லும் வீடு இன்றும் வேண்டும். பருத்தித்துறையின் இருண்ட இரவுகளில் வானொலி ஒலித்தது, அவ்வாறு சொன்ன சில வீடுகள் முன்னரே இருந்தமையால்தான்.